பழுக்காத திராட்சை சொன்ன பாடம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010-ல் மெக்கானிக்கல் பிரிவில் படித்து முடித்து வெளியே போனவன். இப்போது கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "உங்க அனுபவத்திலேர்ந்து ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க, ஆனா போர் அடிக்கக் கூடாது" என்றார். "பழுக்காத திராட்சையிலிருந்து சாறு எடுப்பதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "சார், நீங்க மெக்கானிக்கல்தானே?" என்றார்.

மெக்கானிக்கல்தான். இந்தச் சாறு எடுக்கப் போய் நான் இரண்டு முறை தோற்றேன். இரண்டு தோல்வியும் ஒரே தவறால் வந்தவை. எந்தத் துறையில் படிப்பவர்களும் செய்யக்கூடிய தவறு அது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

திராட்சை புளிக்கிறது என்றாலே நமக்கு நரிக் கதைதான் ஞாபகம் வரும். எட்டாத பழத்தைப் பார்த்து "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போன நரி. ஈசாப் கதையின் கிரேக்க மூலத்தில் நரி சொல்வது "பழுக்காத காய்" என்ற பொருளுள்ள சொல்லாம். நரி அதைக் குறையாகச் சொன்னது. ஆனால் உலகத்தில் பல ஊர்க்காரர்கள் அந்தக் காயை வேண்டும் என்றே பறித்துப் பிழிந்து வைத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை வெர்ஜூ என்கிறார்கள். பச்சைச் சாறு என்று பொருள். ஆங்கிலத்தில் அதுவே வெர்ஜூஸ் ஆனது. 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சமையல் குறிப்புகளில் இந்தச் சாறு அடிக்கடி வருகிறது. பின்னால் எலுமிச்சை மலிந்ததும் அங்கே இதன் பழக்கம் குறைந்துவிட்டது. 1984-ல் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் மேகி பியர் என்ற சமையல் கலைஞர் இதை மறுபடி தயாரித்து, அந்த நாட்டு அடுப்படிகளுக்குப் பழக்கப்படுத்தினார். ஈரானிலும் லெபனானிலும் சிரியாவிலும் இந்தப் பழக்கம் விட்டுப் போகவே இல்லை.

நான் இதை முதலில் ருசி பார்த்தது ஷார்ஜாவில். 2014 முதல் 2019 வரை அங்கே வேலை. எங்கள் குவார்ட்டர்ஸில் பக்கத்து அறையில் ஒரு ஈரானியர் இருந்தார். ஷிராஸ் ஊர்க்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். பாரசீகத்தில் பெரியவர்களை 'ஆகா' என்று கூப்பிடுவார்கள், 'ஐயா' என்பது மாதிரி. நாங்கள் தமிழ்ப் பையன்கள் அவரை "ஆகா! ஆகா!" என்று கூப்பிட்டுவிட்டு எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார், காரணம் தெரியாமலே.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் வெள்ளரி, தக்காளி, வெங்காயம் மூன்றையும் பொடிப்பொடியாக நறுக்கி, காய்ந்த புதினாவைக் கசக்கிப் போட்டு, ஒரு பாட்டிலில் இருந்து மங்கலான சாற்றை ஊற்றிக் கலப்பார். ஷிராஸ் சாலட் என்பது அதுதான். புளிப்பு இருந்தது, ஆனால் எலுமிச்சை மாதிரி நாக்கில் சுரீரென்று ஏறவில்லை. வினிகர் மாதிரி மூக்கிலும் அடிக்கவில்லை. "என்ன இது ஆகா?" என்றேன். "ஆப் கூரே" என்றார். ஆப் என்றால் தண்ணீர், சாறு. கூரே என்றால் பழுக்காத திராட்சை. கோடை தொடங்கியதும் அவர் அம்மா கூடை கூடையாகக் காயை வாங்கி, ஆய்ந்து, நசுக்கி, வடித்து, வருஷத்துக்கும் பாட்டிலில் அடைத்து வைப்பாராம். காயைக் காய வைத்துப் பொடியாக்கியும் வைத்துக்கொள்வார்களாம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன்.

தேனி மாவட்டத்து நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற எங்கள் பக்கத்தில் கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று எங்கே பார்த்தாலும் திராட்சைப் பந்தல். பன்னீர் திராட்சை என்று நீங்கள் வாங்கிச் சாப்பிடுகிற கறுப்புத் திராட்சை அங்கேயிருந்துதான் வருகிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அந்த ரகத்தின் பெயர். வேறு இடங்களில் வருஷத்தில் ஒரு பருவம் பறித்தால், எங்கள் பள்ளத்தாக்கில் மாற்றி மாற்றிக் கவாத்து செய்து வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் பறித்துக்கொண்டே இருப்பார்கள். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் பந்தல். கொடியில் கொத்து அதிகமாக இறங்கிவிட்டால் அவர் காயாக இருக்கும்போதே கொஞ்சத்தைக் கழித்துவிடுவார். மிச்சக் கொத்து நன்றாகத் திரளவேண்டும் என்பதற்காக. கழித்த காய் வரப்போரம் குவிந்து கிடக்கும். ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சின்ன வயசில் அந்தக் குவியலில் ஏறி மிதித்து விளையாடியவன் நான். ஷிராஸில் காசு கொடுத்து வாங்குகிற பொருள்!

2019 கடைசியில் ஊருக்கு வந்தேன். 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு ஆரம்பித்தது. விமானம் இல்லை, வேலையும் போயிற்று. திராட்சை வியாபாரிகள் லாரி அனுப்பவில்லை. பழுத்த தோட்டங்களில் பழம் கொடியிலேயே வாடியது. எங்கள் தோட்டம் அப்போது காய்ப் பருவம். "வெலையே இல்லாதப்போ கொடியாவது பொழைக்கட்டும்" என்று அப்பா பாதிக் கொத்தை அறுத்துத் தள்ளினார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு கூடை காயை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அம்மாவின் மிக்ஸியில் போட்டு ஒரே ஓட்டாக அரைத்தேன். வேட்டித் துணியில் பிழிந்தேன். பச்சையாக வந்த சாறு கண் முன்னாலேயே பழுப்பாக மாறியது. ருசி பார்த்தால் புளிப்போடு கசப்பு. விதையும் சேர்ந்து அரைபட்டுவிட்டது. பரவாயில்லை என்று நான்கு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, அடுப்படி அலமாரியில் வைத்தேன். ஆறாம் நாள் மத்தியானம் 'டமார்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், தரையெல்லாம் கண்ணாடி. அம்மா ஒரு நிமிஷம் முன்னால்தான் அங்கிருந்து நகர்ந்திருக்கிறார். அப்பா வாசலில் நின்றபடி சொன்னார்: "நாலு வருசம் காசு கட்டிப் படிக்க வச்சது பாட்டில வெடிக்க வைக்கவாடா?"

அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காயிலும் கொஞ்சம் சர்க்கரை உண்டு. ஒரு லிட்டர் சாற்றில் 50 கிராம் சர்க்கரை இருந்து, காயின் தோலோடு வந்த ஈஸ்ட் அதை முழுவதும் நொதிக்க வைத்தால், 12 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். இறுக மூடிய பாட்டிலில் அது எங்கே போகும்? வெடிக்கும். ஆகா வீட்டில் சாற்றைச் சூடு பண்ணி, உப்புப் போட்டு அடைத்தார்கள். அவர் அதையும் சொல்லியிருந்தார். நான்தான் அதைப் பாட்டி வைத்தியம் மாதிரி நினைத்து விட்டுவிட்டேன். அவர்களுடைய பண்டத்தை எடுத்துக்கொண்டேன், அதோடு சேர்ந்த பாதுகாப்பை எடுத்துக்கொள்ளவில்லை. இது என் முதல் தோல்வி.

பிறகு ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். நம் கல்லூரியில் முதலாண்டு வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு, "மெக்கானிக்கலுக்கு இது எதுக்குடா?" என்று அலுத்துக்கொண்ட கூட்டத்தில் நானும் ஒருவன். ஊரடங்கு தளர்ந்ததும் ஒரு பியூரெட், ஃபீனால்ப்தலீன், டெசிநார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு எல்லாம் வாங்கினேன். 5 மில்லி சாற்றுக்கு 18 மில்லி காரம் செலவாயிற்று. 18-ஐ 0.1-ஆல் பெருக்கி, டார்டாரிக் அமிலத்தின் சமான எடை 75-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்தால் 27. அதாவது லிட்டருக்கு 27 கிராம் அமிலம். எலுமிச்சைச் சாற்றில் ஏறக்குறைய இதைப்போல் இரண்டு மடங்கு உண்டு. எலுமிச்சையைவிட இது சாதுவாக இருப்பதற்குக் காரணம் புரிந்தது. வினிகரில் இருப்பது ஆவியாகி மூக்கில் ஏறுகிற அசெட்டிக் அமிலம். திராட்சைக் காயில் இருப்பது டார்டாரிக், மாலிக் என்ற இரண்டு. காய் கனியும்போது மாலிக் அமிலம் வேகமாகக் குறையும், சர்க்கரை ஏறும். அதனால் நிறம் திரும்புவதற்கு முன்னாலேயே பறித்துவிட வேண்டும்.

இங்கே ஒரு அதிசயம். நம் வீட்டுப் புளியின் முக்கியமான அமிலமும் இதே டார்டாரிக்தான்! ஆகாவின் பாட்டிலில் இருந்த புளிப்பு எனக்குப் புதிதாகத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா வேதியியல் படித்தவர் இல்லை. ஆனால் அன்றைக்குப் புளி கரைக்காமல் இந்தச் சாற்றை ஊற்றி ரசம் வைத்தார். ருசி பார்த்துவிட்டு, "இது திராட்சைப் புளிடா" என்றார். எங்கள் வீட்டில் அன்று முதல் அதுதான் பெயர்.

இனி இரண்டாவது தோல்வி. இதைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அப்பா இன்று இந்த அரங்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

2021-ல் எனக்குத் தெரிந்த ஒரு ஓட்டல்காரருக்கு ஒரு பாட்டில் கொடுத்தேன். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து போகிற ஓட்டல். அவருக்குப் பிடித்துவிட்டது. அரை லிட்டர் பாட்டில் 100, பாட்டிலுக்கு 400 ரூபாய், முன்பணம் 20,000 என்று பேசி முடித்தோம். வரப்பில் கொட்டுகிற காய்க்கு 40,000 ரூபாய்! அந்த வருஷம் திராட்சையில் அப்பாவுக்குக் கையில் எதுவும் நிற்கவில்லை. முன்பணத்தை வாங்கி ஆள் கூலி பாக்கியைத் தீர்த்தார். முதல் முறையாக என் திராட்சைப் பைத்தியத்தைப் பற்றி மற்றவர்களிடம் பெருமையாகப் பேசினார்.

ஐப்பசி மழைக்காலத்துக் காயைப் பறித்துச் சாறு எடுத்தோம். இந்த முறை சூடு பண்ணினோம், வெடிக்கவில்லை. ஓட்டல்காரர் ஒரே ஒரு காகிதம் கேட்டார்: பூச்சிமருந்து எச்சம் பற்றிய பரிசோதனை அறிக்கை. அனுப்பினேன். அறிக்கை வந்தது. இரண்டு பூஞ்சாண மருந்துகள் அனுமதித்த அளவுக்கு மேலே.

அதை அப்பாவிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாப்பது வருசமா நான் போடுற வெள்ளாமைய வெசங்கிறியா?" என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு 80 பக்க நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கவாத்து செய்த தேதி, என்ன மருந்து, எத்தனை டேங்க், அன்று மழையா வெயிலா, எல்லாம் அதில் இருந்தது. மழைக்காலத்தில் செவட்டை நோய் வரும். ஒரு வாரம் அசந்தால் தோட்டமே போய்விடும். அதனால் காய்ப் பருவத்தில்தான் மருந்து அதிகம் அடிப்பார்கள். பழம் பறிப்பதற்குப் பல நாள் முன்பே நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் கடைசியாக அடித்ததற்கும் அறுவடைக்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அப்பா அதில் ஒரு நாள்கூடத் தவறியது இல்லை. ஆனால் நான் காயைப் பறித்தது பழம் பறிக்க 40 நாள் முன்னால். கடைசி மருந்து அடித்து ஆறே நாள்!

அப்பா நோட்டில் அந்தத் தேதியில் விரலை வைத்துக் கேட்டார்: "நீ எந்தத் தேதிக்குப் பறிக்கப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

நான் கேட்கவில்லை. கழிக்கிற காய்தானே, கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவருடைய தோட்டத்தில் எல்லாக் கணக்கும் ஒரே ஒரு தேதியைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அது பழம் பறிக்கிற தேதி. நான் அந்தத் தேதியை மாற்றினேன், அதோடு இணைந்த மற்ற எதையும் மாற்றவில்லை. கம்பெனியில் ஒரு ஜூனியர் வந்து பம்பின் வேகத்தைக் கூட்டிவிட்டு ஷாஃப்டையும் சீலையும் அப்படியே விட்டால் நான் சும்மா இருப்பேனா? வீட்டில் அதைத்தான் நான் செய்திருந்தேன். பாட்டில் வெடித்ததும் இதே தவறுதான். அப்பாவின் பழத்தில் குற்றம் இல்லை. என் தேதியில்தான் குற்றம்.

100 பாட்டில் சாற்றையும் கொட்டினோம். முன்பணத்தை என் சேமிப்பிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். கோவையில் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

கதை அதோடு முடிந்திருக்கும். அப்பாதான் முடியவிடவில்லை. அடுத்த தைப் பொங்கலுக்குப் போனபோது, "கெணத்து மேட்டுல நாப்பது கொடி ஒனக்கு. மழைக் காலத்துல ஆகாது. தையில கவாத்துப் பண்ணி, சித்திரையில காய எடு. வெயில் காலத்துல செவட்டை அவ்வளவா வராது. பூப்பூத்ததுக்கு அப்புறம் நான் எந்த மருந்தும் தொட மாட்டேன். நோய் வந்தா ஒன் காய் போகும், கேக்கக் கூடாது" என்றார். நான் மாற்ற மறந்த அத்தனையையும் அவர் ஒரே மூச்சில் மாற்றிவிட்டார். அந்தச் சித்திரையில் எடுத்த சாற்றைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். எச்சம் எல்லாம் அனுமதித்த அளவுக்குள்ளே இருந்தது. ஒரு வருஷம் நோய் வந்து பாதிக் காய் போகவும் செய்தது. நான் கேட்கவில்லை.

சரி, செய்முறைக்கு வருகிறேன். வீட்டில் ஒரு திராட்சைக் கொடி வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் காய். எந்த மருந்து, எப்போது அடித்தது என்று தெரிந்த கொடியில் இருந்து மட்டும் எடுங்கள். மருந்துக் கணக்குத் தெரியாத தோட்டத்தில் கழித்துப் போட்ட காய் வேண்டவே வேண்டாம். சில மருந்துகள் காய்க்குள்ளேயே இறங்கிவிடும், கழுவினால் போகாது. கடையில் விற்கும் பச்சைத் திராட்சையும் இதற்கு ஆகாது. அது நிறத்தில்தான் பச்சை, பழுத்த பழம். நமக்கு வேண்டியது முழு அளவுக்குத் திரண்டு, இன்னும் கல் மாதிரி கெட்டியாக, நிறம் திரும்பாமல் இருக்கிற காய். கவாத்திலிருந்து பழத்துக்கு நான்கு மாதம் என்றால், மூன்றாவது மாதத்துக்குள் இந்தப் பக்குவம் வந்துவிடும். பிரிக்ஸ் மீட்டர் இருந்தால் 5 முதல் 7 வரை காட்டும்போது நான் பறிக்கிறேன்.

இரண்டாவது, காம்பு நீக்கி, அழுகல் பொறுக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். பிறகு ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்த காயின் சாறு சீக்கிரம் பழுப்பாகாது.

மூன்றாவது, நசுக்குவது. மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று, அவ்வளவுதான். தோல் கிழிய வேண்டும், விதை உடையக் கூடாது. விதை உடைந்தால் கசக்கும். அம்மா இப்போது கல் உரலில் போட்டு லேசாக இடிக்கிறார். அதில் விதை உடைவதே இல்லை. உடனே துணியில் வடித்து, நன்றாக முறுக்கிப் பிழியுங்கள். எங்களுக்கு ஒரு கிலோ காய்க்கு 400 மில்லி கிடைக்கிறது. பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ மட்டும்தான். அலுமினியம், பித்தளை, செம்பு கூடவே கூடாது. புளியை அதில் வைக்க மாட்டோம் இல்லையா, அதே காரணம்தான்.

நான்காவது, ஒரு ராத்திரி பிரிட்ஜில் அசையாமல் வைத்து, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதுதான் முக்கியம். தெளிந்த சாற்றை 85 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கொதிக்க விட வேண்டாம், மணம் போய்விடும். நுரையை எடுத்துவிடுங்கள். வெந்நீரில் கொதிக்க வைத்து எடுத்த பாட்டிலில் சூடாகவே ஊற்றி, மூடி, மூன்று நிமிஷம் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மூடியின் உள்பக்கமும் சூடுபடும். இந்தச் சாற்றின் பி.எச். 3-க்கும் கீழே. அவ்வளவு புளிப்பில் ஈஸ்ட்டும் பூஞ்சாணமும்தான் நமக்கு எதிரி. இந்தச் சூடு அவற்றுக்குப் போதும்.

பாட்டிலின் மேல் தேதி எழுதி பிரிட்ஜில் வையுங்கள். திறந்த பிறகு ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். அல்லது ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்துவிட்டால் வேண்டியபோது இரண்டு கட்டி எடுத்துக்கொள்ளலாம். சில வாரம் கழித்து அடியில் கண்ணாடித் தூள் மாதிரி பளபளப்பாகப் படியும். பயப்பட வேண்டாம். அது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. ஆனால் திறக்கும்போது 'புஸ்' என்று சத்தம் வந்தாலோ, நுரைத்தாலோ, மேலே ஆடை கட்டினாலோ, யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ரசத்துக்கு நாலு பேருக்கு மூன்று நான்கு மேஜைக்கரண்டி, இறக்குவதற்குச் சற்று முன்னால் ஊற்றினால் போதும். மீன் வறுவலுக்கு மசாலா பிசையும்போது எலுமிச்சைக்குப் பதில் இதை விடலாம். வெயிலில் வந்தவர்களுக்குச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். வயிற்றுப்புண் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், அமிலம் அமிலம்தான். வீட்டுக்கு மட்டும் என்றால் இவ்வளவு போதும். விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், பரிசோதனை அறிக்கையும் வேண்டும்.

"இதில் எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று என் வகுப்புத் தோழன் காலையில் சாப்பாட்டு வரிசையில் கேட்டான். உண்மையைச் சொல்கிறேன். ஒரு சித்திரைக்கு 60, 70 பாட்டில். சொந்தக்காரர்களுக்குப் பாதி போய்விடும். நான் தொழிலதிபர் ஆகவில்லை. கொட்டிய காய் எல்லாம் பணம் ஆகும் என்று உங்களுக்கு ஆசை காட்ட நான் வரவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் கழித்த காய் வரப்பில்தான் கிடக்கிறது. அதை நல்ல பொருளாக்க வேண்டுமானால் மருந்து அடிக்கிற கணக்கையே மாற்ற வேண்டும். அது ஒரு பாட்டிலை மூடுவதைவிடப் பெரிய வேலை. இங்கே உணவுத் தொழில்நுட்பத்திலோ வேதிப் பொறியியலிலோ ஆர்வம் உள்ள தம்பி தங்கைகள் யாராவது செய்ய முன்வந்தால், எங்கள் நாற்பது கொடியும் அப்பாவின் நோட்டும் தயாராக இருக்கின்றன.

மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் ஒரு ஆலைக்கோ, அலுவலகத்துக்கோ, உங்கள் சொந்த வீட்டுக்கோ போய் ஒன்றை மாற்றப் போகிறீர்கள். மாற்றுங்கள். அதற்குத்தான் படிக்கிறோம். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் அங்கே நாற்பது வருஷமாக நோட்டு எழுதிக்கொண்டிருக்கிற ஒருவர் இருப்பார். அவரிடம் போய், "நான் இந்தத் தேதியை மாற்றப் போகிறேன், வேறு எதெல்லாம் மாற வேண்டும்?" என்று கேளுங்கள். நான் அதைக் கேட்டிருந்தால் 20,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். அதைவிட, என் அப்பாவிடம் அந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டி வந்திருக்காது.

அரங்கத்துக்கு வெளியே அம்மா இரண்டு பானை நிறையத் திராட்சைப் புளி சர்பத் கலந்து வைத்திருக்கிறார். இந்தச் சித்திரைச் சாறு. மருந்துக் கணக்கு அப்பாவிடம் இருக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் நோட்டை வாங்கிப் பார்க்கலாம். போகும்போது எல்லோரும் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.